போனை வாங்கி வைத்துவிட்டால் விழுவது நின்றுவிடுமா?

கேள்வி: எனக்குக் கம்பம் பக்கம் ஒரு கிராமம். வெள்ளன எழுந்து ஜீப்பில் கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்ட வேலைக்குப் போனால், வீடு திரும்ப இருட்டிவிடும். மகனுக்கு 15 வயது, டவுன் சிண்ட்ரோம். எட்டாவது வரை பள்ளிக்கூடம் போனான், போன வருஷம் நிறுத்திவிட்டோம். இப்போது என் அம்மாவோடு வீட்டில் இருக்கிறான். நடந்தாலும் போன், சாப்பிட்டாலும் போன். இரண்டு மாதமாக அடிக்கடி விழுகிறான். போன் பார்த்துக்கொண்டே வந்து திண்ணைப் படியில் ஒரு தடவை. மத்தியானம் நான் கூப்பிட்டபோது எடுக்க ஓடிவந்து நிலைப்படி தட்டி ஒரு தடவை. ராத்திரி பாத்ரூம் போகையில் ஒரு தடவை. வண்டிப்பெரியாரில் என் தம்பி வீட்டுக்குப் போனபோது ஜீப்பிலிருந்து இறங்குகையில் விழுந்து நெற்றியில் தையல். குனிந்து போன் பார்த்தால் கழுத்தில் 27 கிலோ பாரம் ஏறுமாம், நரம்பு போய்விடுமாம் என்று பக்கத்து வீட்டில் ஒரு வாட்ஸ்அப் வீடியோ காட்டினார்கள். பிடுங்கினால் சுவரில் தலையை முட்டுகிறான். போன் இல்லையென்றால் பகலில் அவனோடு நான் பேசவும் வழியில்லை. இங்கே கொண்டுவந்து விடு, இவனைப் போன்ற பிள்ளைகளுக்கு நடத்தும் பட்ஸ் பள்ளியில் சேர்க்கலாம் என்கிறான் தம்பி. போனை ஒரேயடியாக நிறுத்திவிடட்டுமா? அடுத்த மாதம் தம்பி வீட்டு விசேஷத்துக்கு மறுபடி ஜீப்பில் கூட்டிப் போகலாமா?

— ஒரு தாய், தேனி மாவட்டம்

பதில்:

அம்மா, வணக்கம். உங்கள் பையன் நான்கு தடவை விழுந்ததை எழுதியிருக்கிறீர்கள். முதலில் அவற்றைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தேன். திண்ணைப் படியில் விழுந்தபோது போன் கையில் இருந்தது. நிலைப்படி தட்டியபோது போன் எங்கோ அடித்துக்கொண்டிருந்தது, அவசரத்தில் ஓடியிருக்கிறான். பாத்ரூமுக்குப் போகையிலும் ஜீப்பிலிருந்து இறங்குகையிலும் போனுக்கு நேரடியாக ஒரு சம்பந்தமும் இல்லை. போனைப் பூட்டி வைத்தால் ஒன்றிரண்டு விழுதல் குறையும், மிச்சம் அப்படியே இருக்கும். போனை ஒளித்து வைத்துவிட்டோம், பிரச்சினை தீர்ந்தது என்று நீங்கள் ஜீப் ஏறிவிடக் கூடாது. அதற்காகத்தான் இதை முதலில் சொல்கிறேன்.

‘இரண்டு மாதமாக’ என்று எழுதியிருக்கிறீர்களே, எனக்கு உறுத்துவது அதுதான். டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளுக்குப் பிறந்ததிலிருந்தே தசை தளர்வாகவும் மூட்டு நெகிழ்வாகவும் இருக்கும். பாதம் தட்டையாக இருக்கும், காலை அகட்டி வைத்து நடப்பார்கள். அறிவுவளர்ச்சிக் குறைபாடு உள்ள பிள்ளைகள் பலருக்கும் மற்றப் பிள்ளைகளைவிட பேலன்ஸ் குறைவுதான். இதெல்லாம் பழைய கதை. ஓரளவு ஒழுங்காக நடந்துகொண்டிருந்த பையன் இரண்டு மாதத்தில் மாறியிருக்கிறான் என்றால் அதற்குப் புதிதாக ஒரு காரணம் இருக்கலாம். போன் வழக்கை அப்புறம் விசாரிப்போம், முதலில் டாக்டர்.

கழுத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். மண்டையோட்டுக்குக் கீழே இருக்கும் முதல் இரண்டு கழுத்தெலும்புகளைக் கட்டிப்பிடித்திருக்கும் நார்கள் இந்தப் பிள்ளைகளுக்குத் தளர்ந்திருக்கலாம். நூற்றில் பத்து முதல் இருபது பேருக்கு அந்த இடம் கூடுதலாக அசைவது எக்ஸ்ரேயில் தெரியும். தண்டுவடம் நசுங்கித் தொந்தரவு வருவது நூற்றில் ஒன்றிரண்டு பேருக்குத்தான், அதனால் பயந்துவிடாதீர்கள். ஆனால் அந்த ஒன்றிரண்டு பேரில் நம் பையன் இல்லை என்று தெரிந்துகொண்டாக வேண்டும். கழுத்து வலிக்கிறது என்று தொட்டுக் காட்டுகிறானா, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தே வைத்திருக்கிறானா, கையில் பிடித்த டம்ளர் நழுவுகிறதா, காலை இழுத்து நடக்கிறானா, அடக்கத் தெரிந்த பிள்ளை இப்போது துணியிலேயே சிறுநீர் போய்விடுகிறானா என்று கவனியுங்கள். இதில் ஒன்று இருந்தாலும் நாள் கடத்த வேண்டாம். ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை, மறுநாளே கூட்டிப் போங்கள். வலியை வாயால் சொல்லாத பிள்ளைகளே இவர்களில் அதிகம். பகலில் கூட இருப்பவர் என்பதால் இதை உங்கள் அம்மாவிடம்தான் கேட்க வேண்டும்.

இதற்காகக் கோட்டயம் வரை ஓட வேண்டாம். க.விலக்கில் இருக்கும் தேனி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையே போதும். எலும்பு டாக்டரிடம், ‘டவுன் சிண்ட்ரோம் பையன், நடை மாறியிருக்கிறது, கழுத்தைப் பார்க்க வேண்டும்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். முதல் எக்ஸ்ரேயைக் கழுத்தை நேராக வைத்து எடுப்பார்கள். அதை டாக்டர் பார்த்து, வளைத்து எடுக்கலாம் என்று சொன்ன பிறகுதான் முன்னும் பின்னும் வளைத்துப் படம் எடுக்க வேண்டும். அவசரத்தில் யாரும் பையன் கழுத்தைப் பிடித்து அமுக்க விடாதீர்கள்.

போன கையோடு தைராய்டு ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். இந்தப் பிள்ளைகளுக்கு வருஷம் ஒருமுறை பார்க்க வேண்டிய சோதனை அது. தைராய்டு குறைந்தால் உடம்பு கனத்து, சோம்பி, காலடி தடுமாறும். ‘போன் பார்த்துப் பார்த்து மந்தமாகிவிட்டான்’ என்று நாம் பழியைப் போன்மேல் போட்டுக்கொண்டிருப்போம். கண்ணும் காதும் பார்க்க வேண்டும். ஜீப் படியின் உயரம் தெரியாமல் காலை வைத்தானோ என்று எனக்கு ஒரு சந்தேகம். கண்ணாடி தேவைப்படும் பிள்ளைகள் இவர்களில் நிறைய. வலிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறான் என்றால் சீட்டை எடுத்துப் போங்கள், சில மாத்திரைகள் அளவு கூடினாலே நடை தள்ளாடும். ராத்திரி குறட்டை விடுகிறானா, மூச்சு நின்று நின்று வருகிறதா என்றும் கவனியுங்கள். தூக்கத்தில் மூச்சு அடைபடும் தொந்தரவு டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு உண்டு. நடுராத்திரி வரை போன் பார்த்து, மிச்சத் தூக்கமும் அடைபட்டால் அந்த நேரத்தில் பாத்ரூம் போகிறவன் விழாமல் என்ன செய்வான்? பாத்ரூம் போகும் வழியில் ஒரு சின்ன லைட் இன்றைக்கே போட்டுவிடுங்கள்.

இனி போன். வாட்ஸ்அப்பில் சொன்ன 27 கிலோ முழுப் புரளி இல்லை. அமெரிக்காவில் முதுகெலும்பு அறுவை மருத்துவர் ஒருவர் 2014-இல் வெளியிட்ட கணக்கு அது. நம் தலையின் எடை ஏறக்குறைய ஐந்து கிலோ, அறுபது டிகிரி குனிந்தால் கழுத்தில் விழும் விசை 27 கிலோவுக்குச் சமம் என்று சொன்னார். ஆனால் அது கம்ப்யூட்டர் மாதிரியில் போட்ட கணக்கு, ஆட்களின் கழுத்தில் அளந்து சொன்னது இல்லை. நரம்பு போய்விடும் என்று அதில் எங்கும் இல்லை. வீடியோவைப் போட்டவர் சேர்த்த மசாலா அது. உங்கள் பையன் விஷயத்தில் கழுத்துச் சோதனை முடியும்வரை நெடுநேரம் குனிந்து உட்காராமல் பார்த்துக்கொள்ளுங்கள், போதும். குட்டிக்கரணம் போடுவதும் தலைகீழாகத் தண்ணீரில் குதிப்பதும் அதுவரை கூடாது. சுவரில் தலையை முட்டுகிறான் என்றீர்களே, பிடுங்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் அந்தக் கழுத்துதான்.

நிற்கும்போதும் நடக்கும்போதும் போன் என்ன செய்கிறது என்பதுதான் உங்களுக்குத் தெரிய வேண்டியது. நாம் விழாமல் நிற்க மூளைக்கு மூன்று இடத்திலிருந்து தகவல் போகிறது: கண், காதின் உள்பகுதி, பாதமும் மூட்டுகளும். உங்கள் பையனுக்கு மூட்டிலிருந்து போகும் தகவல் கொஞ்சம் மங்கல், மூளை அதைச் சேர்த்துப் புரிந்துகொண்டு தசைக்குச் சொல்வதும் தாமதம். அதனால் அவன் கண்ணை நம்பி நிற்கிறான். அந்தக் கண்ணைத்தான் போன் வாங்கிக்கொள்கிறது. கூடவே கை இரண்டும் மார்போடு கட்டிப்போட்டதுபோல் ஆகிவிடுகின்றன. கயிற்றில் நடக்கும் கழைக்கூத்தாடியிடமிருந்து கம்பைப் பிடுங்கிக்கொண்ட மாதிரிதான் அது. நமக்கு நடப்பது யோசிக்காமல் நடக்கும் வேலை, இவனுக்குக் கவனம் வைத்துச் செய்ய வேண்டிய வேலை. படியில் இருக்க வேண்டிய கவனம் ரீல்ஸில் இருந்தால் கால் எங்கே போகும்?

இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். என்னிடம் வரும் பிள்ளைகளைப் பாதங்களைச் சேர்த்து நிற்கச் சொல்வேன். கொஞ்சம் ஆடினாலும் நிற்பார்கள். பிடித்த பாட்டு வீடியோவைப் போட்டுப் போனைக் கையில் கொடுத்தால் முதலில் தோள் இரண்டும் மேலே ஏறும், பிறகு கால் விரல்கள் தரையைக் கவ்வ ஆரம்பிக்கும், பாதம் மெல்ல விலகும், கொஞ்ச நேரத்தில் இடுப்பு சுவரைத் தேடிச் சாயும். பிள்ளைக்கு அது எதுவுமே தெரியாது, முகத்தில் சிரிப்பு இருக்கும். ஆராய்ச்சிக்கூடங்களில் உடம்பின் ஆட்டத்தை அளக்கும் தட்டின்மேல் நிற்க வைத்துப் பார்த்தவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். எல்லா உபயோகமும் ஒன்றில்லை. காதில் வைத்துப் பேசுவதைவிட, திரையைப் பார்த்து விரலால் தட்டுவதுதான் நடையை அதிகம் கெடுக்கிறது. பாட்டு கேட்டுக்கொண்டே நடப்பதை நான் பெரிதாகக் கண்டிப்பதில்லை, ஆனால் தெருவில் இயர்போன் வேண்டாம். பின்னால் வரும் ஜீப் சத்தம் காதில் விழ வேண்டும்.

என் கணக்கில் போன் செய்த பெரிய கெடுதல் இதுகூட இல்லை. பள்ளிக்கூடம் போன காலத்தில் பையன் காலையில் நடந்தான், படி ஏறினான், பையைத் தூக்கினான், சத்துணவுக்கு வரிசையில் நின்றான், மைதானத்தில் யாரோ தள்ள விழுந்து எழுந்தான். பேலன்ஸுக்கு அதெல்லாமே பயிற்சி. பள்ளி நின்றதும் அந்த ஏழெட்டு மணி நேரம் காலியாகிவிட்டது, போன் வந்து உட்கார்ந்துகொண்டது. மற்றப் பிள்ளைகள் ஒரு வருஷம் உட்கார்ந்தே இருந்தாலும் எழுந்தால் சமாளித்துவிடுவார்கள். தசை தளர்ந்த பிள்ளைக்குப் பழக்கம் விட்டால் பலமும் விட்டுப்போகும், எடையும் ஏறும். அதனால் பகலை வேறு எதையாவது கொண்டு நிரப்பாமல் போனை மட்டும் எடுத்துவிட்டால் ஒரு பயனும் இல்லை.

வீட்டில் ஒரே ஒரு சட்டம் போடுங்கள்: உட்கார்ந்தால்தான் போன். ‘இவ்வளவு நேரம்தான்’, ‘இந்த வீடியோ கூடாது’ என்று பத்துச் சட்டம் போட்டால் உங்கள் அம்மாவாலும் காவல் காக்க முடியாது, அவனுக்கும் மண்டையில் நிற்காது. கையுள்ள ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைச் சுவரோரம் போட்டு அது அவன் நாற்காலி என்று பெயர் வையுங்கள். எதிரில் ஒரு ஸ்டூலும் அதன்மேல் பெட்டியும் வைத்து, கண் மட்டத்துக்குப் போன் நிற்கும்படி ஸ்டாண்டில் வையுங்கள், கழுத்தும் குனியாது. சார்ஜரும் அங்கேயே இருக்கட்டும். சுவரில் ஒரு படம் ஒட்டுங்கள்: நாற்காலியில் உட்கார்ந்த பையன் கையில் போன், நடக்கும் பையன் கையில் ஒன்றும் இல்லை. இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்வதைவிடக் காட்டினால் சீக்கிரம் பிடிபடும். போனோடு எழுந்தால் சத்தம் போட வேண்டாம், ‘உக்காரு சாமி’ என்று நாற்காலியைக் காட்டினால் போதும். முதல் வாரம் பாட்டுக்குப் பாட்டு எழுவான். அம்மாச்சியும் அலுக்காமல் அதையே சொல்ல வேண்டும். நீங்கள் வீட்டில் இருக்கும் நேரத்திலும் இதே சட்டம்தான், உங்களுக்கும் சேர்த்து.

மத்தியானம் நீங்கள் கூப்பிடும் போன்தான் அவனை ஓட வைத்தது. தோட்டத்தில் டவர் கிடைக்கும் இடம் உங்களுக்குத் தெரியும், சாப்பாட்டு நேரமும் தெரியும். தினமும் அதே நேரத்துக்குக் கூப்பிடுங்கள். அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அம்மாச்சி அவனை நாற்காலியில் உட்கார வைத்துவிடட்டும். சாப்பிட்டாயா என்று கேட்டதோடு வைத்துவிடாமல் ஒரு வேலை சொல்லுங்கள். ‘கொடியில காயிற துணிய எடுத்து அம்மாச்சிட்ட குடு’ என்று நீங்கள் சொன்னால் அவன் செய்வான். அம்மாச்சி சொன்னால் செய்ய மாட்டான், எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

அந்தத் துணிக் கொடியே நல்ல பயிற்சி. நுனிக்காலில் எம்பி எடுக்க வேண்டும், குனிந்து கூடையில் போட வேண்டும், மறுபடி எம்ப வேண்டும். அரை வாளித் தண்ணீரைத் தளும்பாமல் செடிக்குக் கொண்டுபோவதும் அப்படியே. இதெல்லாம் கழுத்துச் சோதனை முடிந்த பிறகு. தனிப் பயிற்சி என்று நான் கேட்பது கொஞ்சம்தான். பாட்டு மாறும்போது கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார வேண்டும். ஐந்து தடவையில் ஆரம்பித்துப் பத்துக்குக் கொண்டுபோகலாம். அடுத்தது சுவரைத் தொட்டபடி ஒற்றைக் காலில் நிற்பது. அம்மாச்சி பத்து எண்ணட்டும், அதற்குள் கால் தரைக்கு வந்தாலும் குறை சொல்ல வேண்டாம். வாசலில் கோலமாவால் ஒரு நேர்க்கோடு இழுத்து, குதிகாலும் விரலும் தொட அடி அடியாக வைத்து அதன்மேல் நடந்து வரட்டும். வாசல் ஈரமாக இருக்கிற நாளில் இது வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இருக்கும்போது திராட்சைத் தோட்டத்துப் பக்கம் மண் பாதையில் அவன் கையைப் பிடித்து நடங்கள். மேடு பள்ளத்தில் நடந்து பழகிய கால்தான் படியில் தடுமாறாது. வாய்க்கால் கரைக்கு மட்டும் தனியாக அனுப்பாதீர்கள்.

போனையே இதற்கு வேலை வாங்கலாம். ஸ்டாண்டில் நிற்கும் போனில் ஆட்டப் பாட்டைப் போட்டு, கை காலியாக, அதைப் பார்த்து அவனும் ஆடட்டும். இது மட்டும் நம் சட்டத்துக்கு விதிவிலக்கு. திரையைப் பார்த்து உடம்பை அசைத்து விளையாடும் விளையாட்டுகளால் இந்தப் பிள்ளைகளின் பேலன்ஸ் கூடுவதை ஆராய்ச்சிகளிலும் பார்த்திருக்கிறார்கள். ஊனமுள்ள பிள்ளைகளும் நாளுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் நன்றாக மூச்சு வாங்க உடம்பை அசைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் சொன்னது. அந்த ஒரு மணியை முதல் நாளே பிடிக்க வேண்டாம். இன்றைக்குப் பத்து நிமிஷம் என்றாலும் அது கணக்கில் சேரும்.

செருப்பை எழுதவில்லை, ஆனால் கேட்கிறேன்: ரப்பர் செருப்புதானே போட்டிருக்கிறான்? தட்டைப் பாதத்துக்கு அது வழுக்கிக்கொண்டே இருக்கும். குதிகாலைச் சுற்றிப் பட்டை இருக்கிற, ஒட்டிப் பிரிக்கிற சாண்டல் வாங்கிக் கொடுங்கள். நிலைப்படி ஓரத்தில் மஞ்சள் பெயிண்ட் ஒரு கோடு அடித்துவிடுங்கள்.

பள்ளியை ஏன் நிறுத்தினீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ‘இதற்குமேல் இவனுக்கு முடியாது’ என்று யாராவது சொல்லியிருந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, நாற்பது சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள பிள்ளைக்கு 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பதையும் நீங்கள் தேர்ந்தெடுக்கலாம். உங்கள் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர் இருப்பார், பிசியோதெரபி எந்த நாளில் கொடுக்கிறார்கள் என்று அவரிடமே கேளுங்கள். தனித்துவ அடையாள அட்டையும் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகையும் இன்னும் வாங்கவில்லை என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மனுக் கொடுங்கள்.

பட்ஸ் பள்ளிகள் நல்ல ஏற்பாடு. கேரளத்தில் உள்ளாட்சிகள், பெண்கள் சுயஉதவி அமைப்பான குடும்பஸ்ரீயோடு சேர்ந்து நடத்துகின்றன. வண்டிப்பெரியார் பக்கம் தமிழ் பேசுகிறவர்கள் நிறைய என்பதால் பேச்சுத் துணைக்கும் ஆள் கிடைக்கும். ஆனாலும் உங்களையும் அம்மாச்சியையும் ஒரே நாளில் பிரித்து அங்கே அனுப்புவதை நான் சொல்ல மாட்டேன். அடையாள அட்டை நாடு முழுக்கச் செல்லும், தமிழ்நாட்டு உதவித்தொகை அவனோடு மலை ஏறாது. முதலில் சொந்த ஊரில் மறுபடி பள்ளிக்கு அனுப்பிப் பாருங்கள். நீங்களே குடும்பத்தோடு அங்கே குடியேறுவதாக இருந்தால் அப்போது பட்ஸ் பள்ளியைத் தாராளமாக யோசிக்கலாம்.

விசேஷத்துக்கு ஜீப் வேண்டாம். கழுத்து எக்ஸ்ரே பார்த்து டாக்டர் சரி என்று சொல்லும்வரை குலுங்கும் வண்டியில், அதுவும் ஆளை அடைத்துப் போகும் ஜீப்பின் பின்சீட்டில், அவனை ஏற்றாதீர்கள். குமுளி வழியாக பஸ்ஸில் போங்கள், நடுவில் இருக்கிற சீட்டாகப் பார்த்து உட்கார வையுங்கள். டாக்டர் சரி என்றால் ஜீப்பில் முன்சீட்டு கேட்டு வாங்குங்கள். இறங்கும்போது நீங்கள் முதலில் இறங்கிக்கொள்ளுங்கள். அவன் ஏணியில் இறங்குவதுபோல் முகத்தை வண்டிப் பக்கம் வைத்துக் கம்பியைப் பிடித்து இறங்கட்டும். அந்த நேரம் அவன் போன் உங்கள் பையில் இருக்கட்டும்.